உங்களுக்குத் தெரியுமா? புயலுக்கு முன்பே கொடுத்த பணம்

● அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கார்ட்டர்ஸ்வில் என்ற ஊரில் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்தின் பீர் ஆலை இருக்கிறது. அவ்வப்போது அங்கே பீர் அடைப்பதை நிறுத்திவிட்டு, கேன்களில் வெறும் குடிநீரை அடைக்கிறார்கள். அந்த நிறுவனத்தில் இந்த வழக்கம் 1988இல் தொடங்கியது. எந்த ஊருக்குத் தேவை என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறதோ அந்த ஊருக்கு லாரி புறப்படும். புயல் அடித்த பிறகு தண்ணீர் தேடி அலையாமல், முன்பே நிரப்பி அடுக்கி வைத்திருப்பதுதான் இதில் பெரிய விஷயம். மதுபானக் கம்பெனியின் கொடையை வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குழாயில் சேறு வரும் நாளில், கைக்குழந்தைக்குப் பால் கரைக்க நிற்கும் தாய்க்கு அந்தக் கேன் உயிர்த்தண்ணீர்.

● அதே அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. எந்தப் பேரிடரும் வருவதற்கு முன்பே, ஆண்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று பெரிய கம்பெனிகள் உறுதி கொடுத்துவிடுகின்றன. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருபவையும் அதில் உண்டு. வெள்ளம் வந்த பிறகு கிடைக்கும் பணம் பெரும்பாலும் அந்த வெள்ளத்துக்கு மட்டும் என்று வரும். கோடவுன் வாடகைக்கும் லாரிக்கும் தன்னார்வலர் பயிற்சிக்கும் யார் தருவது? நள்ளிரவில் தீப்பிடித்து வீடிழந்த ஒற்றைக் குடும்பம் எந்தத் தொலைக்காட்சியிலும் வராது. அவர்களுக்கு யார் தருவது? முன்பே வந்த பணம்தான் அங்கே போய்ச் சேருகிறது.

● 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 10 டாலர் நன்கொடை. கைப்பேசி நிறுவனங்கள் கட்டணம் பிடிக்காமல், மாத பில்லில் சேர்த்து வசூலித்துக் கொடுத்தன. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இப்படியே 3.2 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

● பணத்தைவிடப் பெரிய உதவி சில நேரம் சுமை இறக்கத் தெரிந்த கைகள். பேரிடர் நடந்த நாட்டுக்கு உலகம் முழுவதும் இருந்து விமானங்கள் வந்து குவியும். இறக்கிய பெட்டிகள் ஓடுபாதை ஓரத்திலேயே கிடக்கும். எதில் மருந்து, எதில் கூடாரம் என்று தெரியாது. டிஎச்எல் நிறுவனம் ஐக்கிய நாடுகள் சபையுடன் ஒப்பந்தம் போட்டு, இதற்கென்றே தன் ஊழியர்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. விமான நிலையங்களை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தவும் அது வகுப்பு எடுக்கிறது. நேபாளத்துக்கு 2010இல் அந்தப் பயிற்சி கிடைத்தது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தின்போது காட்மாண்டுவில் நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையம், அதிலும் ஒரே ஓடுபாதை. டிஎச்எல் குழு அங்கே இறங்கி வேலை பார்த்தது.

● 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்கு வந்த மருந்து 4,000 டன்னுக்கும் மேல். அந்த மருந்து போய்ச் சேர வேண்டிய மக்களோ 20 லட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலான பெட்டிகளில் உள்ளூர் மருத்துவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதியிருந்தது. காலாவதியானவையும் கலந்திருந்தன. வேண்டாத மருந்தை அழிப்பதற்குத் தனிச் செலவு. மருந்துக் கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே நெறிமுறை வகுத்திருந்தது. கேட்ட மருந்தையே அனுப்ப வேண்டும், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பன அதில் அடங்கும். பின்பற்றாமல் போனதற்கு அச்சே பட்டபாடு அது.

● பணம் போதும் என்று சொன்ன அமைப்பும் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமி நடந்து சில நாட்களிலேயே, அந்தப் பணிக்குத் தேவையானது வந்துவிட்டது, இனி வேண்டாம் என்று அறிவித்தது. மருந்து, எண்ணெய், புகையிலை, ஆயுதக் கம்பெனிகளிடம் அது கைநீட்டுவதே இல்லை. 2016இல் ஃபைசர் இலவசமாகத் தர முன்வந்த 10 லட்சம் நிமோனியா தடுப்பூசிகளை மறுத்தது. இலவசம் வேண்டாம், எல்லா ஏழை நாடுகளுக்கும் விலையைக் குறையுங்கள் என்று கேட்டது. எனக்கு இது வீம்பாகத் தெரியவில்லை, தொலைநோக்காகத்தான் தெரிகிறது.

● நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2005 ஜனவரியில், சுனாமி அடித்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. நிலம் அரசு தரும். வீட்டைத் தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் கட்டித் தரலாம். ஒரு வீடு 300 முதல் 325 சதுர அடி, செலவு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். குறைந்தது 50 வீடாவது கட்டும் வசதி உள்ளவர்கள் வரலாம், அதாவது 75 லட்சம் ரூபாய். பின்னால் வந்த ஆணை, பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் எழுதச் சொன்னது. கடலுக்குப் போகும் குடும்பங்களில் பெண்ணின் பெயரும் பட்டாவில் ஏறியதை நான் மிகப் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து இறங்கியபோது, யார் எந்த ஊருக்கு என்று ஒழுங்குபடுத்த ஒரு ஒருங்கிணைப்பு மையமே தேவைப்பட்டது. மீனவர்களோடு பல காலம் பழகிய சிஃப்ஸ், சினேகா என்ற இரு அமைப்புகள் அதை நடத்தின. குறையும் இருந்தது. சில ஊர்களில் புது வீடு கட்ட இடம் வேண்டும் என்று நிழல் மரங்களை வெட்டினார்கள். சுனாமிக்குத் தப்பி நின்ற நல்ல வீடுகளையும் இடித்தார்கள். வலை பின்னவும் மதியம் சாயவும் மரத்தடியையே நம்பியிருந்த ஊர்கள் அவை. பணம் கொடுப்பவர் முதலில் அந்த மரத்தடியில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

● சுனாமி சமயத்தில் நாடெங்கும் இருந்து வந்த பழைய துணிகள் நம் கடலோரச் சாலைகளில் மலையாகக் குவிந்தன. டெல்லியின் கூஞ்ச் அமைப்பு அப்படி வீணாகக் கிடந்ததை எடுத்துத் தரம் பிரித்து, பயன்படும் பொருளாக்கியது.

● பிலிப்பைன்ஸில் 2009 புயல்களுக்குப் பிறகு, பெரிய கம்பெனிகள் சேர்ந்து ஒரு பேரிடர் அறக்கட்டளை தொடங்கின. 2018இல் கிளார்க் பகுதியில் தனியார் துறையே நடத்தும் அவசரகால மையத்தையும் திறந்தன. கைப்பேசிச் சந்தையில் நேருக்கு நேர் மோதும் இரண்டு நிறுவனங்களின் தலைவர்கள் இந்த அறக்கட்டளைக்குக் கூட்டாகத் தலைமை ஏற்றார்கள். மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எது முதலில் திரும்ப வேண்டும் என்று அங்கே சேர்ந்து பேசுகிறார்கள். நம் வடகிழக்குப் பருவமழைக் கரைக்கு இதைப்போல ஒன்று அவசரமாக வேண்டும்.

● இந்தியாவில் 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2019இல் பேரிடர் மேலாண்மை என்பதையே அந்தச் செலவுக்கு உரிய பணிகளின் பட்டியலில் சேர்த்தார்கள். பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் கணக்கில் வரும். முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் வராது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்தால் வரும் என்று 2020இல் மத்திய அரசு விளக்கம் தந்தது. வெள்ளத்தில் முதலில் இறங்குவது மாநில அரசு என்பதால், இந்தப் பாகுபாடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

விளம்பர லாபத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர் செலவை இந்தக் கணக்கில் காட்டவும் முடியாது. இணையதளம் உள்ள கம்பெனி, தன் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களை அதில் வெளியிட வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அக்டோபருக்கு முன்பே படகுக்கோ, முகாமுக்கோ, பயிற்சிக்கோ ஒரு ரூபாயாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று அதிலேயே தெரியும்.