சூதாடிக்கும் சிகிச்சை உண்டு

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியும் அவர் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் ஒரே இரவில் இறந்துபோனார்கள். மூன்று நம்பர் லாட்டரியில் பணம் போய்க் கடனில் சிக்கியதைச் சொல்லி, அந்தச் சீட்டை ஒழிக்க வேண்டும் என்று அவர் அனுப்பிய வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. சீட்டு விற்றவர்கள் பலரைப் போலீசார் கைது செய்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. அவர் ஒழிக்கச் சொன்னது, சட்டத்தின் கண்ணில் ஏறத்தாழ 17 ஆண்டுகளாக இல்லாத ஒரு சீட்டை.

அதனால் தடை வீண் என்று சொல்லிவிட முடியாது. 1968இல் அரசே தொடங்கிய லாட்டரி பெட்டிக்கடைதோறும் சரம் சரமாகத் தொங்கிய காலத்தைப் பார்த்தவர்கள், 2003க்குப் பிறகு வந்த மாற்றத்தையும் பார்த்திருப்பார்கள். புதிதாக ஒருவர் விழுவதைத் தடை குறைக்கும். ஏற்கெனவே விழுந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவது அதன் வேலையல்ல. அவர் வேறு வழி தேடிக்கொள்வார். கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்தே இங்கே கள்ளச்சீட்டு ஓடுகிறது. இதற்கு அச்சகம் வேண்டாம், குலுக்கல் வேண்டாம், துண்டுத்தாளும் செல்போனும் போதும். ஆன்லைன் ரம்மி வந்தபின் துண்டுத்தாளும் மிச்சம். அதைத் தடுக்க மாநில அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது; ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது. இத்தனை ஆண்டு இழுபறியும் ஆட்டத்தைப் பற்றித்தான். ஆடுகிறவரை என்ன செய்வது என்ற பேச்சு ஓரமாகவே நின்றது.

‘பொறுப்போடு ஆடுங்கள்’ என்பது ஆன்லைன் ஆட்டக் கம்பெனிகளின் பதிலாக இருந்தது. விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் படித்து முடிக்கப்பட்ட வரி அது. இவ்வளவுக்கு மேல் வைக்கமாட்டேன், கடன் வாங்கி ஆடமாட்டேன் என்ற வரம்பு, பொழுதுபோக்காக ஆடுகிறவருக்கு உதவக்கூடும். நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை பண ஆட்டம் கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு விதித்த கட்டுப்பாடும் அந்த வகையில் நியாயமானதே. ஆனால் ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று ஒருவர் இறங்கிவிட்டால், வரம்பு போட வேண்டிய புத்தியே ஆட்டத்தின் பிடிக்குள் போய்விடுகிறது. வைக்கும் தொகை ஏறிக்கொண்டே போவது, நிறுத்த முயன்று தோற்பது, வீட்டில் பொய் சொல்வது ஆகியவற்றை மருத்துவர்கள் நோயின் குறிகளாகவே கணக்கில் எடுக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைப் போதைப்பழக்கங்களின் வரிசையில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்திருப்பது நமக்கு வசதியான பொருத்தம்.

குடித்தால் ஈரல் கெடும், சூதாட்டம் வெறும் கொழுப்புதானே, இதற்கு என்ன வைத்தியம் என்று கேட்பார்கள். கொழுப்பு என்றால் அடியும் அவமானமும் பட்டதும் அடங்கியிருக்க வேண்டுமே. ஊரறிய அவமானப்பட்ட பிறகும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணப் போக்கைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சை இதில் பலன் தந்திருக்கிறது. சிலருக்கு மருத்துவர்கள் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது: கடன்தான் ஆளை நெருக்குகிறது, வீட்டார் நகையை விற்றாவது அதை அடைத்துவிட்டால் திருந்திவிடுவார். நடைமுறையில், தீர்ந்த கடன் அவருக்கு அடுத்த ஆட்டத்தின் முதலாகிவிடுகிறது. கடன் அடைவதும் பணம் அவர் கையைவிட்டு விலகுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். சிங்கப்பூரில் 2010இல் சூதாட்ட விடுதிகள் திறந்தபோது, ஒருவரை உள்ளே விடாதபடி குடும்பத்தாரே மனுப்போட வழி வைத்தார்கள். வரம்பு போடும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்த ஏற்பாடு அது. நம்மூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் சம்பளக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் மனைவியோ அம்மாவோ வாங்கி வைத்துக்கொள்ளவும், செல்போனிலுள்ள பணச் செயலிகளை நீக்கவும் எந்தச் சட்டமும் தேவையில்லை. அவர் சம்மதத்தோடு செய்தால் நிலைக்கும்; பிடுங்கினால் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்பார்.

சூதாடுவதை வெளியே சொன்னால் போலீசில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தையும் தள்ளிவிட முடியாது. மாநிலச் சட்டத்தில் ஆன்லைனில் சூதாடுபவருக்கே 3 மாதம்வரை சிறை உண்டு. மத்தியச் சட்டம் ஆட்டம் நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் தண்டிக்கிறது, ஆடுபவரை விட்டுவிடுகிறது. இதுவே சரியான திசை என்று நினைக்கிறேன். தண்டனைக்குப் பயந்தவர் முதலில் மறைப்பது மருத்துவரிடம்தான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சிகிச்சைக்கு வருபவர் சொன்னதைக் காப்பது மருத்துவரின் கடமை. விழுப்புரம் பக்கம் காணையிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ கிளம்புகிறவர் இதற்காகச் சென்னைவரை போக வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு என்று சீட்டு வாங்கினால் போதும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் ‘டெலிமானஸ்’ மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், வீட்டாரும் பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் வந்தவர் அந்த நிமிடமே கூப்பிட வேண்டிய எண்ணும் அதுதான். கடன்காரர் வாசலில் நின்று நாள்வட்டி, மீட்டர்வட்டி கேட்டால் அதைக் குற்றமாக்கும் சட்டமும் 2003இலேயே வந்திருக்கிறது. புகாரைக் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம்.