செவ்வாயின் காற்றை அளத்தல்: சிறு விண்கலங்களின் பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

செவ்வாயின் புழுதிப்புயல்களையும் பருவநிலையையும் விளங்கிக்கொள்ளக் காற்றின் வேகமும் திசையும் தெரிந்திருக்க வேண்டும். ஆயின் அக்கோளின் கீழ் வளிமண்டலக் காற்று பெரும்பாலும் கணக்கீட்டின் வழியே பெறப்படுகிறதேயன்றி நேரடியாக அளக்கப்படுவதில்லை. இவ்விடைவெளியைச் சிறு விண்கலங்கள் எந்த அளவுக்கு நிரப்ப இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செவ்வாய், வளிமண்டலம், கியூப்சாட், டாப்ளர் விளைவு, வானொலி மறைப்பு

முன்னுரை

1971 நவம்பரில் மரினர் 9 செவ்வாயை அடைந்தபோது கோள் முழுவதும் புழுதியால் மூடப்பட்டிருந்தது. 2018-இல் எழுந்த மற்றொரு பெரும்புயலில், சூரிய மின்தகடுகளை நம்பி இயங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஜூன் 10-க்குப் பின் தொடர்பிழந்தது. இத்தகைய புயல் எந்த ஆண்டில் எழும் என்பதை உறுதியாக முன்கூறும் வழி இன்னும் இல்லை. புழுதியைக் கிளப்புவது காற்று. கிளம்பிய புழுதி சூரிய வெப்பத்தை ஈர்த்துக் காற்றை மேலும் வலுப்படுத்துகிறது. இச்சுழற்சியில் புழுதி பல்லாண்டுகளாக அளக்கப்பட்டு வருகிறது. காற்று அவ்வாறு அளக்கப்படவில்லை.

கணக்கீட்டுக் காற்றின் குறைகள்

2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர், உயரத்துக்கு உயரம் வெப்பநிலையை அளக்கிறது. வெப்பநிலை வேறுபாட்டால் உண்டாகும் அழுத்த விசையும் கொரியோலிசு விசையும் சமநிலையில் உள்ளன எனக் கொண்டு காற்று கணக்கிடப்படுகிறது. நடுக்கோட்டருகே கொரியோலிசு விசை மறைந்துவிடுவதால் இம்முறை அங்குப் பொருந்தாது.

இரண்டாவது குறை நேரம் பற்றியது. இக்கலம் துருவப் பகுதிகள் நீங்கலான இடங்களைப் பெரும்பாலும் உள்ளூர் நேரப்படி பிற்பகல் 3 மணியளவிலும் பின்னிரவு 3 மணியளவிலும் மட்டுமே காண்கிறது. செவ்வாயின் தரையழுத்தம் ஏறத்தாழ 6 மில்லிபார். பூமியினதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இம்மெல்லிய காற்று விரைவில் சூடேறி விரைவில் குளிர்வதால், வெப்ப ஓதம் எனப்படும் அன்றாட அலை வலுவாக உள்ளது. நாளுக்கு இருமுறை மட்டும் நோக்கி அவ்வலையின் முழு வடிவத்தை அறிய இயலாது. 2021-இல் சென்ற ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹோப் கலம் எல்லா நேரங்களையும் காண்கிறது. எனினும் அதுவும் காற்றை நேரடியாக அளக்கும் கருவியைக் கொண்டிருக்கவில்லை.

1976-இல் இறங்கிய வைக்கிங் முதல் பல தரையிறங்கிகள் காற்றை அளந்துள்ளன. அவை தத்தம் இடத்துக் காற்றை மட்டுமே சொல்லும்.

சிறு விண்கலங்களின் இடம்

10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை அலகாகக் கொண்டு அமைக்கப்படுவது கியூப்சாட். ஆறு அலகுகள் கொண்ட, தலா 13.5 கிலோ எடையுள்ள மார்கோ இரட்டைக் கலங்கள் 2018 மே 5-இல் இன்சைட் கலத்துடன் ஏவப்பட்டன. நவம்பர் 26-இல் இன்சைட் தரையிறங்கிய செய்தியை அவை பூமிக்கு அஞ்சல் செய்தன. அவற்றுள் ஒன்று, செவ்வாயின் வளிமண்டல விளிம்பினூடே வானொலிச் சைகையை அனுப்பிச் சோதித்தது. சைகை வளையும் அளவிலிருந்து வளிமண்டலத்தின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெறுவதே வானொலி மறைப்பு முறை.

இம்முறையை இரு கலங்களுக்கிடையேயும் கையாளலாம் என்பதை மார்ஸ் எக்ஸ்பிரஸ், டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் ஆகியவை செய்துகாட்டியுள்ளன. இரு கலங்கள் ஓர் இணையைத் தரும். நான்கு கலங்கள் ஆறு இணைகளைத் தரும். எனவே சிறு கலங்களின் உண்மையான பயன் மலிவன்று, எண்ணிக்கையே. வெவ்வேறு தளங்களில் சுற்றும் பல கலங்கள் வெவ்வேறு உள்ளூர் நேரங்களை ஒரே நாளில் அளக்க முடியும்.

ஆயினும் இம்முறை தருவது வெப்பநிலையே, காற்றன்று. காற்றை நேரடியாக அளக்க டாப்ளர் விளைவை நாட வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, ஒளியின் அலைநீளத்தை மூன்று கோடியில் ஒரு பங்கே மாற்றும். தாழ்சுற்றுப்பாதைக் கலமோ வினாடிக்கு ஏறத்தாழ 3.4 கி.மீ. வேகத்தில் செல்கிறது. பயணத் திசைக்குச் செங்குத்தாக நோக்கும் கருவியின் பார்வை ஆயிரத்தில் ஒரு ரேடியன் பிசகினாலும், வினாடிக்கு 3.4 மீட்டர் வேகமுள்ள பொய்க்காற்று தோன்றும். இத்தகைய நுட்பத்தைச் சிற்றுடலில் அடக்குவது எளிதன்று. வேகத்தைத் தணித்துச் சுற்றுப்பாதையில் நுழைவதற்கான எரிபொருளும் மற்றொரு தடை. மார்கோ கலங்கள் செவ்வாயைக் கடந்து சென்றனவேயன்றி அதனைச் சுற்றவில்லை. 2019 ஜனவரி 4-க்குப் பின் அவற்றிலிருந்து சைகை வரவில்லை.

முடிவுரை

செவ்வாய்க் காற்றாய்வில் உள்ள இடைவெளிகள் இரண்டு. நேர இடைவெளியைக் கலங்களின் எண்ணிக்கை நிரப்பும். அளவீட்டு இடைவெளியைக் கருவியின் நுட்பமே நிரப்பும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் சிறு கலங்கள்மீது மிகையான நம்பிக்கையும் மிகையான ஐயமும் எழுகின்றன. பெருங்கலமொன்று சிறு கலங்களைச் சுமந்து சென்று சுற்றுப்பாதையில் விடுவதும், டாப்ளர் கருவியைத் தானே தாங்குவதும், சிறு கலங்கள் மறைப்பு அளவீட்டை மேற்கொள்வதும் இன்றைய நிலையில் பொருத்தமான பகிர்வாகும் என்பது இக்கட்டுரையின் முடிபு.