தோள்பட்டைக்கும் ஒரு தராசு உண்டு

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தோளில் 'சுரீர்' என்கிறதா? மேல் தட்டில் உள்ள டப்பாவை எடுக்கக் கை எழ மறுக்கிறதா? மூட்டை தூக்கியே வியாபாரத்தை வளர்த்த நமது வணிகர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. தைலம் தேய்த்துவிட்டுக் கையை அசைக்காமல் வைத்திருந்தால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது நஷ்டக் கணக்கு.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. கை எலும்பின் உருண்டைத் தலையை அதன் நடுவில் பிடித்து நிறுத்துபவை நான்கு தசைகள். மருத்துவர்கள் இவற்றை 'ரொட்டேட்டர் கஃப்' என்பர். முன்புறம் ஒன்று, மேலே ஒன்று, பின்புறம் இரண்டு. முன் தசை கையை உள்பக்கம் திருப்பும். பின் தசைகள் வெளிப்பக்கம் திருப்பும். இரு தட்டும் சமமாக இருந்தால்தான் தராசு முள் நடுவில் நிற்கும். இங்கும் அப்படித்தான்.

தேய்மானத்தில் மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது. சிலருக்குக் கிண்ணத்தின் பின்பகுதி அதிகம் தேய்ந்து, உருண்டை பின்னால் சரிகிறது. பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் ஷில் வால்ஷ் குழுவினர் 1999-இல் இதை ஸ்கேன் மூலம் வகைப்படுத்தினர். இத்தகையோரின் பின் தசைகளில் கொழுப்பு படிந்திருப்பதையும் பிற்கால ஆய்வுகள் கண்டன. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தசைகள் மேலும் மெலியும், மூட்டும் இறுகும்.

எனவே பிசியோதெரபி நிபுணரிடம் பயிற்சி கேட்டுப் பெறுங்கள். எளியது ஒன்று: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, புறங்கையைச் சுவரில் வைத்து 5 விநாடி மெதுவாக அழுத்துவது, பிறகு உள்ளங்கைப் பக்கமும் அவ்வாறே. வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வராது. வலி குறையவும், கை வேலைக்கு உதவவும் வாய்ப்புண்டு.

மூட்டு மாற்று அறுவை தேவைப்பட்டாலும் தசைகளின் நிலையே முக்கியம். அவை நன்றாக இருந்தால் இயல்பான அமைப்பிலேயே செயற்கை மூட்டு வைக்கலாம். கிழிந்திருந்தால், உருண்டையும் கிண்ணமும் இடம் மாறிய 'ரிவர்ஸ்' மூட்டே பெரும்பாலும் வழி. பிரான்சின் பால் கிராமோன் 1985-இல் உருவாக்கிய முறை அது.

ஒரு எச்சரிக்கை: தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது மூட்டு வலியாக இராது, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தராசை முத்திரைக்குக் கொண்டு போகிறோம். தோளையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவோமே!