அசைவூட்டப் படங்களில் குரல் தேர்வும் ரசிகர் எதிர்பார்ப்பும்: கொங்கு உடுக்கடிப் பாட்டு மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வெளியாகும் அசைவூட்டப் படம் ஒன்றுக்கு யார் யார் குரல் தருகின்றனர் என்பது, படம் வருவதற்கு முன்பே ரசிகர்களால் விவாதிக்கப்படும் பொருளாகிவிட்டது. இவ்வெதிர்பார்ப்பு நட்சத்திரக் குரல், பழகிய குரல், மண்ணின் குரல் என மூன்று நிலைகளில் அமைகிறது. முதல் இரண்டும் திரைத்துறையின் கவனத்தைப் பெற்றுள்ளன. மூன்றாவது பெரிதும் நகைச்சுவைப் பாத்திரங்களுக்குள் அடைபட்டுள்ளது. ஒருவரே பல மாந்தர்க்கும் விலங்குகளுக்கும் குரலாக நிற்கும் கொங்கு நாட்டு உடுக்கடிப் பாட்டு மரபை அளவுகோலாகக் கொண்டு இந்நிலையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டப் படம், மொழிமாற்றுக் குரல், ரசிகர் எதிர்பார்ப்பு, கொங்குத் தமிழ், உடுக்கடிப் பாட்டு, அண்ணன்மார் சாமி கதை.

முன்னுரை

நடிகர் நடிக்கும் படத்தில் முகமும் உடலும் குரலும் சேர்ந்து பாத்திரத்தை உருவாக்குகின்றன. அனிமேஷன் எனப்படும் அசைவூட்டப் படத்திலோ முகம் வரையப்பட்டது. உடல் கணினியில் ஆக்கப்பட்டது. பார்வையாளருக்குத் தெரிந்த மனிதர் ஒருவர் அப்படத்தில் இருப்பாரெனின், அவர் குரலாக மட்டுமே இருக்கிறார். ஆகவே குரல் தேர்வு பற்றிய அறிவிப்பு, நடிகர் தேர்வு பற்றிய அறிவிப்புக்கு இணையான எதிர்பார்ப்பை எழுப்புகிறது. 2024 டிசம்பரில் வெளியான ‘முஃபாசா: தி லயன் கிங்’ படத்தின் தமிழ் வடிவத்தில் முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸ், டாக்காவுக்கு அசோக் செல்வன், கிரோசுக்கு நாசர் ஆகியோர் குரல் தந்தனர். படத்தின் விளம்பரத்தில் இப்பெயர்களே முன்னிறுத்தப்பட்டன. இத்தகைய தேர்வுகளில் ரசிகர் எதனை எதிர்பார்க்கின்றனர், எது அவர்களுக்குக் கிடைக்கிறது, எது விடுபடுகிறது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

உடலிலிருந்து குரல் பிரிந்த வரலாறு

தமிழ்த் திரையில் குரலும் உடலும் பிரிந்தது ஒரே நாளில் நிகழவில்லை. 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் தேவகி பாத்திரத்துக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். 1944இல் ஏ.வி.எம். நிறுவனத்தின் கன்னட ‘ஹரிச்சந்திரா’ தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு வெளியானது. பாட்டில் தொடங்கிய பிரிவு இவ்வாறு பேச்சுக்கும் வந்தது.

இதற்கு மாறான வழியும் ஒன்று இருந்தது. அது கோயம்புத்தூரில் பின்பற்றப்பட்டது. பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் ‘மலைக்கள்ளன்’ கதையைத் தமிழில் எம்.ஜி.ஆரைக் கொண்டு எடுத்தார். அதே கதை தெலுங்கில் என்.டி. ராமாராவையும், 1955இல் இந்தியில் திலீப் குமாரையும் கொண்டு புதிதாகவே படமாக்கப்பட்டது. மொழி மாறினால் ஆளும் மாறினார். குரல் அவரவர் உடலிலேயே தங்கியது. செலவு மிகுந்த இம்முறை நிலைக்கவில்லை. நடிகர் மோகனுக்கு எஸ்.என். சுரேந்தர் பல படங்களில் குரல் தந்ததும், ‘96’ படத்தில் திரிஷாவுக்குச் சின்மயி குரல் தந்ததும், தெலுங்கில் ரஜினிகாந்துக்கு மனோ தொடர்ந்து குரல் தந்துவருவதும் இரவல் குரலைப் பார்வையாளர் மனமொப்பி ஏற்றுக்கொண்டதைக் காட்டும். அசைவூட்டப் படம் இப்பழக்கத்தின் மேல் நிற்கிறது. ஆனால் அங்கே குரலை இரவல் பெறும் நடிகர் இல்லை. வரைந்த உருவம் மட்டுமே உண்டு.

எதிர்பார்ப்பின் மூன்று நிலைகள்

முதலாவது நட்சத்திரக் குரல். கேட்டவுடன் ஆளை அடையாளம் காணும் மகிழ்ச்சியே இதன் அடிப்படை. 2019 நவம்பரில் வெளியான ‘ஃப்ரோசன் 2’ தமிழ் வடிவத்தில் எல்சாவுக்குச் சுருதிஹாசனும் அன்னாவுக்குத் திவ்யதர்ஷினியும் குரல் தந்தமை இதற்கு எடுத்துக்காட்டு. முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸ் தேர்வானதோ சற்று வேறுபட்டது. ‘கைதி’, ‘மாஸ்டர்’ படங்கள் வழியாக அவருடைய கனத்த குரலே அவருக்கு அடையாளமாகியிருந்தது. இங்குப் புகழும் பொருத்தமும் ஒன்றாயின. புகழ் மட்டும் இருந்து பொருத்தம் குறையுமெனின் ரசிகர் ஏமாற்றம் அடைகின்றனர்.

இரண்டாவது பழகிய குரல். 2019 ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ் வடிவத்தில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் தருகிறார் என்ற அறிவிப்பை ஒட்டி, முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரலே வேண்டும் என்று ரசிகர் பலர் குறைபட்டனர். அது நடிகர்கள் நடித்த படமாயினும் சிக்கல் ஒன்றே. பெயர் அறியாக் குரல் கலைஞர் ஒருவரின் குரல், தொடர்ந்து கேட்டதனால் பாத்திரத்தின் சொந்தக் குரலாகியிருந்தது. 2007இல் தொடங்கப்பட்ட சுட்டி டி.வி.யில் தமிழ் பேசிய ஜாக்கிசான் தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறையே இன்றைய ரசிகர் கூட்டத்தின் பெரும்பகுதி. அத்தலைமுறைக்கு மொழிமாற்றுக் குரல் மூலத்தின் நிழலன்று, அதுவே மூலம். ‘தி லயன் கிங்’ 2019ஆம் ஆண்டுத் தமிழ் வடிவத்தில் டிமோனாகவும் பும்பாவாகவும் பேசிய சிங்கம்புலி, ரோபோ சங்கர் இணையே 2024 படத்திலும் தொடர்ந்தது இவ்வெதிர்பார்ப்பை நிறைவு செய்தது. 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் மறைந்தார். இனி அப்பாத்திரம் தமிழில் வருமெனின் எக்குரலில் வரும் என்னும் வினா, பழகிய குரலின் இழப்பு எத்தகையது என்பதை உணர்த்துகிறது. 2024இல் ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் இருவரின் குரல்கள் அவர்தம் குடும்பத்தார் இசைவுடன் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கப்பட்டன. பழகிய குரலை விடமுடியாத விருப்பம் செல்லக்கூடிய எல்லையை அது காட்டுகிறது.

மூன்றாவது மண்ணின் குரல். பாத்திரம் எவ்வூர்த் தமிழ் பேசுகிறது என்பதே இது. பெரும்பாலான மொழிமாற்றுப் படங்களில் அரசனும் வீரனும் தாயும் ஊர் தெரியாத பொதுத்தமிழ் பேசுகின்றனர். வட்டாரச் சாயல் துணைப்பாத்திரங்களுக்கே, அதிலும் சிரிப்பூட்டும் பாத்திரங்களுக்கே பெரிதும் கிடைக்கிறது. மதுரைப் பகுதியின் மேடைப் பலகுரல் கலையிலிருந்து வந்த ரோபோ சங்கரும் தென்மாவட்டப் பேச்சுச் சாயல் கொண்ட சிங்கம்புலியும் பும்பா, டிமோன் பாத்திரங்களுக்குத் தேர்வானதை இவ்வகையில் வைத்துப் பார்க்க இடமுண்டு.

கொங்குத் தமிழின் நிலையும் இதுவே. கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து வந்த கோவை சரளா, மணிவண்ணன், சத்யராஜ், உடுமலைப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த கவுண்டமணி ஆகியோர் வழியாக இவ்வட்டாரப் பேச்சு தமிழகம் முழுவதும் அறிமுகமாயிற்று. ‘சதிலீலாவதி’ படத்தில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழ் பெரும் வரவேற்பைப் பெற்றது. அவ்வரவேற்பின் மறுபக்கம், இப்பேச்சைக் கேட்டவுடன் சிரிக்கவேண்டும் என்னும் பழக்கமும் கேட்போரிடம் உருவானதாகும்.

உதட்டசைவும் கொங்குத் தமிழும்

மண்ணின் குரலைத் தவிர்ப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டா என்பதும் ஆராயத்தக்கது. அசைவூட்டப் படத்தின் மூலமொழியில் பெரும்பாலும் குரல் முதலில் பதிவாகிறது. அக்குரலுக்கேற்ப உதடுகள் வரையப்படுகின்றன. மொழிமாற்றத்தில் இம்முறை தலைகீழாகிறது. முன்பே அசையும் உதடுகளுக்குள் தமிழ்த் தொடர் அடங்கவேண்டும். உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற இதழொலிகள் வருமெனின் பொருத்தம் கூடும். வினைமுற்று தொடரின் இறுதியில் வருவது தமிழின் இயல்பாதலின், மூலத்தில் தொடக்கத்திலேயே வெளிப்படும் செயல் தமிழில் கடைசியில்தான் வெளிப்படும். இதனால் உரையாடல் எழுதுபவர் சொற்களைச் சுருக்கவும் நீட்டவும் நேர்கிறது.

இத்தேவைக்கு வட்டார வழக்கு தடையன்று, துணையே. கொங்குத் தமிழில் ‘இல்லீங்க’, ‘நானுங்க’, ‘அப்பறமுங்க’ என ஏறத்தாழ எச்சொல்லோடும் மரியாதைக்குரிய ‘ங்க’ சேரும். தொடரின் பொருளை மாற்றாமல் ஓரசை நீட்ட இது உதவும். நீக்கினால் ஓரசை குறையும். ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அவ்வசை கொங்குப் பேச்சில் இடத்தை நிரப்ப வருவதன்று. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவை அது சொல்கிறது. யார் யாருக்கு ‘ங்க’ இடுகிறார், யார் இடாமல் விடுகிறார் என்பதிலேயே வயது, உறவு, சினம், நெருக்கம் அனைத்தும் தெரிந்துவிடும். எனவே உரையாடலாசிரியர்க்கு வட்டார வழக்கு தருவது சொற்பட்டியல் மட்டுமன்று. உறவுமுறையை உணர்த்தும் நுட்பமான கருவியுமாகும்.

ஒரு குரல், பல மாந்தர்

கொங்கு நாட்டில் குரல் தேர்வு பற்றிய வேறொரு மரபு திரைப்படத்துக்கு முன்பே இருந்துவந்துள்ளது. பொன்னர், சங்கர், அவர்தம் தங்கை தங்காள் ஆகியோரின் வரலாறாகிய அண்ணன்மார் சாமி கதை உடுக்கடிப் பாட்டாக இரவுகள் தோறும் பாடப்படுவது. தலைமைப் பாடகர் உடுக்கை அடித்துப் பாட்டும் வசனமுமாகக் கதையை நடத்துவார். பின்பாட்டுக்காரர் அவரைத் தொடர்ந்து செல்வார். அமைதியான பொன்னரும் சினம் மிகுந்த சங்கரும், தாய் தாமரையும் தங்காளும், வேட்டுவரும் தெய்வங்களும் அந்த ஒரு தொண்டையிலிருந்தே வருகின்றனர். கேட்போர் ‘யார் குரல்’ என்று வினவுவதில்லை. பாடகரை அவர்கள் முன்பே அறிவர். அவர் சங்கரின் சினத்துக்கு எவ்வாறு குரலை உயர்த்துகிறார், தங்காளின் புலம்பலுக்கு எவ்வாறு இறங்குகிறார் என்பதே அவர்தம் எதிர்பார்ப்பு. படுகளக் காட்சியில் கேட்போர் சிலர் அருள்வந்து விழும் அளவுக்கு அக்குரல் ஆற்றல் பெறுகிறது.

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, 1965இல் இக்கதையை உடுக்கடிப் பாடகர் ஒருவர் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் சொல்ல எழுதப்பட்ட வடிவம் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழி இருமொழிப் பதிப்பாக இரு தொகுதிகளில் வெளிவந்தது. பின்னர் அவரே இக்கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் உருவாக்கினார். கொங்குக் காப்பியம் ஒன்று அசைவூட்ட வடிவம் பெற்றமை, உடுக்கை ஒலியோடு கேட்ட கதை வரைந்த உருவங்களின் வாயிலிருந்து எப்படி ஒலிக்கவேண்டும் என்னும் வினாவையும் உடன் கொண்டுவந்தது. மாந்தர்தோறும் தனிக்குரல் என்பது அசைவூட்டத்தின் முறை. ஒரே குரலின் பல நிலைகள் என்பது உடுக்கடிப் பாட்டின் முறை.

இரு பன்றிகள்

இவ்வேறுபாட்டை விளக்க இரு காட்டுப்பன்றிகளை ஒப்பிடலாம். பும்பா ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி, சிரிப்பூட்டும் தோழன். அண்ணன்மார் கதையில் வரும் கொம்பன், வேட்டுவர் வளர்த்த பெரும்பன்றி. அண்ணன்மாரின் விளைநிலத்தை அழிப்பது. அதனை வீழ்த்தச் சங்கர் வேட்டைக்குப் புறப்படும்போது, தன்னை முறைப்படி அழைக்கவில்லை என்று பொன்னாச்சி என்னும் சிறு பெண்நாய் சினம் கொள்கிறது. அதன் மனத்தைத் தேற்றிய பின்னரே வேட்டை கைகூடுகிறது. மரியாதையை எதிர்பார்க்கும் விலங்கு இங்கு நகைப்புக்குரியதன்று. கதையின் திருப்பமே அதன் மனக்குறையில் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் யானையும் காட்டுப்பன்றியும் தோட்டத்துக்குள் வருவது இன்றும் அன்றாடச் செய்தி. வாழையும் காய்கறியும் ஓரிரவில் அழிவதைக் கண்ட உழவர்க்குக் கொம்பன் பழங்கதை மட்டுமன்று. இத்தகைய ஊரின் சிறுவர் திரையரங்கில் பும்பாவைக் கண்டு சிரிப்பதில் தவறேதும் இல்லை. அச்சிரிப்பு நல்ல நடிப்புக்குக் கிடைத்த பயன். ஆனால் தம் பாட்டியும் தாத்தாவும் பேசும் தமிழைத் திரையில் கேட்கும் போதெல்லாம் சிரிப்பு மட்டுமே எழுமெனின், அப்பேச்சில் துயரமும் வீரமும் சொல்லமுடியாது என்னும் எண்ணம் அவர்களிடம் வேரூன்றும். இரவு முழுதும் அப்பேச்சிலேயே ஒரு காப்பியம் பாடப்பட்டது என்பதை அவர்கள் அறியாமலே போகலாம். குரல் தேர்வு வணிக முடிவாக மட்டும் நில்லாமல் மொழியின் மதிப்பைத் தொடும் இடம் இதுவே.

நட்சத்திரக் குரலின்றி அசைவூட்டப் படம் வெற்றி பெறாது என்பதும் இன்று உறுதியான கருத்தாக இல்லை. 2025 ஜூலையில் தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் வெளியான ‘மகாவதார் நரசிம்மா’, புகழ்பெற்ற நடிகர்களின் குரலை முன்னிறுத்தாமலே பெருவெற்றி கண்டது. அவ்வரிசையில் பரசுராமர் கதை 2027இல் வரும் என அறிவிக்கப்பட்டுள்ளது. கதையும் குரலின் பொருத்தமும் போதும் எனப் பார்வையாளர் ஏற்பரெனின், அறியப்படாத வட்டாரக் குரல்களுக்கும் அங்கு இடமுண்டு.

முடிவுரை

அசைவூட்டப் படத்தில் குரலே நடிகர் ஆதலின், குரல் தேர்வு குறித்த ரசிகர் எதிர்பார்ப்பு இயல்பானதாகும். அவ்வெதிர்பார்ப்பு அறிந்தவரைக் கேட்கும் விருப்பமாகவும், பழகியதை இழக்க மனமின்மையாகவும், தம் பேச்சைக் கேட்கும் வேட்கையாகவும் மூவகைப்படுகிறது. பெயர் வெளித்தெரியாக் குரல் கலைஞரும் ரசிகர் நினைவில் நிலைபெறுவர் என்பதனைப் பழகிய குரலுக்கான கோரிக்கை காட்டுகிறது. எனவே அவர்தம் பெயர்கள் விளம்பரத்திலும் இடம்பெறுதல் தகும். வட்டார வழக்கு உதட்டசைவுக்குப் பொருந்தாது என்பதற்குக் கொங்குத் தமிழ் சான்றளிக்கவில்லை. நகைச்சுவைக்கு மட்டுமே அது உரியது என்பதனை உடுக்கடிப் பாட்டு மறுக்கிறது. பொன்னாச்சி எதிர்பார்த்தது முறையான அழைப்பை. தமிழின் வட்டாரக் குரல்களும் சிரிப்புக்கு அப்பாற்பட்ட பாத்திரங்களுக்கு முறைப்படி அழைக்கப்படுமாயின், வரவிருக்கும் தமிழ் அசைவூட்டப் படங்கள் அம்மண்ணின் பிள்ளைகளுக்கு அயலாய் ஒலிக்கமாட்டா.