நகராட்சிப் பூங்காப் பராமரிப்பு

நகராட்சிப் பூங்காப் பராமரிப்பு என்பது ஊரிலுள்ள பொதுப் பூங்கா, சாலையோரப் பசுமைப் பரப்பு, மலர்ப் பாத்தி, நிழல் மரம் ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்பு ஆண்டு முழுவதும் பேணிவரும் பணியாகும். பூங்கா அமைப்பது ஒருமுறைச் செலவு. அதைக் காப்பது அன்றாடச் செலவு. திறப்பு விழா கண்ட பல பூங்காக்கள் சில ஆண்டுகளில் புதர் மண்டிப்போவதற்கு இந்த வேறுபாடே காரணம். தமிழ்நாட்டு நகராட்சிகளில் இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை, திண்டுக்கல் மாவட்டத்தின் வறண்ட சமவெளியில் உள்ள ஒட்டன்சத்திரம் போன்ற ஊரை மனத்திற்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டப் பொறுப்பு

இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகள் உள்ளன. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளை அளிப்பது அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் நகராட்சிகள் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்படி இயங்குகின்றன.

நிலம்

பெரும்பாலான புதிய பூங்காக்களின் நிலம் மனைப்பிரிவுகளிலிருந்து கிடைக்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே பராமரிப்பின் முதல் வேலை செடி நடுவதன்று. நில அளவை செய்து, எல்லைக் கல் நட்டு, பதிவேட்டில் ஏற்றி, வேலி அமைப்பதே முதல் வேலை. வேலியில்லாத நிலம் முதலில் குப்பை மேடாகும். பிறகு வண்டி நிறுத்துமிடமாகும். இறுதியில் ஆக்கிரமிப்பாக மாறும்.

பூங்கா நிலத்தை அதிகாரிகளும் விருப்பம்போல் வேறு பயனுக்கு மாற்ற இயலாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட அளித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அங்கு வழக்குத் தொடுத்தவர்கள் அப்பகுதியில் குடியிருந்தவர்களே.

தண்ணீர்

வறண்ட ஊரில் பூங்காவின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். கோடையில் புல்வெளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை இழப்பதாகக் கொண்டால், 25 சென்ட் (ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர்) புல்வெளிக்கு நாள்தோறும் 5,000 லிட்டர் தேவைப்படும். பாதாளச் சாக்கடையுள்ள நகரங்களுக்கான குடிநீர் அளவு ஆளுக்கு 135 லிட்டர். அக்கணக்கில் இது 37 பேரின் ஒரு நாள் தண்ணீர்.

குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் கோடையில் புல்வெளிக்கு நீர் பாய்ச்சுவதை மக்கள் ஏற்கமாட்டார்கள். எனவே இத்தகைய ஊர்களில் புல்வெளியைச் சிறிதாக்கி, வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் போன்ற நிழல் மரங்களை மிகுதியாக நடுவது நடைமுறைக்கு ஒத்தது. மலர்ப் பாத்திக்கு அரளி, காகிதப்பூ போன்ற வறட்சி தாங்கும் செடிகள் ஏற்றவை. சொட்டுநீர்க் குழாய், மழைநீர்ச் சேகரிப்பு, சுத்திகரித்த கழிவுநீர் ஆகியவை செலவைக் குறைக்கும்.

ஆண்டுச் சுற்று

ஆடிக் காற்றுக்கு முன் காய்ந்த, ஆபத்தான கிளைகளைக் கழிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், புரட்டாசி, ஐப்பசியில் கன்று நட்டால் முதல் மூன்று மாத நீரை மழையே தந்துவிடும். மார்கழி, தையில் களையெடுப்பு, எருவிடல், மலர்ப் பாத்தி புதுப்பித்தல் நடைபெறும். மாசி முதல் மரத்தடியில் சருகு மூடாக்கு இட்டு ஈரம் காக்க வேண்டும். விளையாட்டுக் கருவி, விளக்கு, கழிப்பறை ஆகியவற்றின் சோதனைக்குப் பருவம் கிடையாது.

ஆட்களும் செலவும்

நகராட்சி தன் பணியாளர்களைக் கொண்டோ, ஒப்பந்தப்புள்ளி கோரி ஒப்பந்ததாரர் மூலமோ, குடியிருப்போர் நலச் சங்கத்திடம் ஒப்படைத்தோ பூங்காவைப் பேணலாம். அம்ருத் போன்ற திட்டங்களின் நிதி பூங்கா அமைக்க உதவும். தோட்டக்காரர், காவலர் ஊதியமும் மின்கட்டணமும் பெரும்பாலும் சொத்துவரி முதலான சொந்த வருவாயிலிருந்தே வரவேண்டும்.

சாலையோரமும் கழிவும்

ஊருக்குள் செல்லும் எல்லாச் சாலையும் நகராட்சிக்கு உரியதன்று. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரமும் நடுத்திட்டும் நெடுஞ்சாலை அமைப்புகளின் பொறுப்பு. தெருக்களின் ஓரம் நகராட்சியின் பொறுப்பு. இந்த எல்லை தெளிவாக இல்லாத இடங்களில் செடிகள் கவனிப்பாரற்றுக் கருகுகின்றன.

பூங்காவின் இலைதழைக் கழிவை இயன்றவரை பூங்காவிலேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்தின. பெரிய காய்கறிச் சந்தை கொண்ட ஒட்டன்சத்திரம் போன்ற ஊரில் காய்கறிக் கழிவும் உரமாகக்கூடிய மூலப்பொருளே. எரித்தால் புகையாகும் சருகும், அழுகினால் நாறும் காய்கறியும் சேர்ந்து மட்கினால் பாத்திக்கு எருவாகும்.

மக்கள் பங்கு

வார்டுக் குழு, பகுதி சபை ஆகியவற்றில் பூங்கா குறித்துப் பேசலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் விண்ணப்பிக்கலாம். கேட்க வேண்டியவை மூன்று: தானப் பத்திரப்படி பூங்காவின் பரப்பு எவ்வளவு? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இவ்வாண்டு பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடையுள்ள பூங்காவே நீடிக்கும்.