பரணில் கிடக்கும் கடற்கரை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை நடை போகிறவர்களுக்குக் கடலுக்கு முன்னால் தெரிவது பெரும்பாலும் கருங்கல் குவியல்தான். அங்கே மணல் இருந்தது ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு நினைவிருக்கும். 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். ஆண்டில் பல மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அவை மறித்துக்கொண்டன. நகரத்துக்கு முன்னால் இருந்ததைக் கடல் அரித்துக்கொண்டு போனது. சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

அந்தப் பழைய மணல் என் நண்பர் வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது, 3 நிமிடம் 20 விநாடிக்கு. அவருடைய அப்பா எடுத்த படம். இரண்டு பிள்ளைகள் மணலில் பள்ளம் தோண்டுகிறார்கள், ஓர் அத்தை புடவை நனையாமல் அலைக்குத் தப்பி ஓடுகிறார். டப்பாவைத் திறந்ததும் முதலில் வந்தது படமல்ல, காடி நெடி. ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல மூக்கில் ஏறியது. அந்த நெடி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுச் சினிமாவுக்குப் பிரான்சுக்காரர்கள் கொடுத்தது 9.5 மில்லிமீட்டர் ஃபிலிம். பாத்தே நிறுவனம் 1922 கிறிஸ்துமஸுக்கு ‘பாத்தே பேபி’ என்ற சின்னப் புரொஜெக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கையால் சுற்றி ஓட்டும் பொம்மை போன்ற கருவி. அதன் ஃபிலிமில் துளைகள் ஓரத்தில் இருக்காது, இரண்டு படங்களுக்கு நடுவே ஒற்றைத் துளையாக இருக்கும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கோடக் 16 மில்லிமீட்டரை இறக்கியது. 1932இல் 8 மில்லிமீட்டர், 1965இல் ‘சூப்பர் 8’. சென்னையில் பழைய டப்பா கிடைத்தால் அநேகமாக 8 அல்லது 16ஆக இருக்கும். பிரான்சிலும் சைகோனிலும் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களும் ‘சொல்தா’ (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்கள்) வீடுகளும் உள்ள புதுச்சேரியில் நடுத்துளை ஃபிலிம் அகப்படவும் வாய்ப்பு உண்டு. அப்படிக் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது கேமராவில் ஏதோ கோளாறான சுருள் அல்ல.

உங்கள் கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கப் பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் போதும். அகலம் 8 மில்லிமீட்டர் என்றால் துளையைப் பாருங்கள். பெரிய துளை, அதுவும் இரண்டு படங்கள் சேரும் கோட்டில் இருந்தால் பழைய 8. சிறிய துளை, படத்தின் நடுவுக்கு நேராக இருந்தால் சூப்பர் 8. சுருளின் நடு ஓட்டையும் காட்டிக்கொடுக்கும்: சூப்பர் 8க்கு அது பெரியது, விரல் நுழையும். ஓரத்தில் பழுப்பு நிறக் கோடு ஓடினால் அதில் ஒலி பதிவாகியிருக்கலாம்.

இனி அது எப்படி அசைகிறது என்பது. தையல் இயந்திரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஊசி ஏறும்போது துணி கொஞ்சம் நகரும், இறங்கும்போது நிற்கும். லூமியேர் சகோதரர்களில் இளையவரான லூயி, தம் சினிமாக் கருவிக்கான யோசனையைத் தையல் இயந்திரத்திலிருந்துதான் எடுத்தார். புரொஜெக்டருக்குள் ஒரு சிறு நகம் துளையில் மாட்டி, ஒரு படத்தைக் கீழே இழுத்து, விளக்குக்கு முன் நிறுத்திவிட்டு விலகும். நகம் இழுக்கும் நேரத்தில் ஒரு தகடு சுழன்று வந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். பழைய 8இல் இது விநாடிக்கு 16 முறை, சூப்பர் 8இல் 18 முறை நடக்கிறது. டிக்டிக்கென்ற அந்தச் சத்தம் நகத்தின் சத்தம். ஐம்பது அடிச் சூப்பர் 8 சுருளில் 3,600 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

இங்கே என் முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்த பழைய புரொஜெக்டர் ஒன்று என்னிடம் இருந்தது. பல்பு எரிந்தது, மோட்டார் சுற்றியது, அது போதும் என்று நினைத்தேன். வேட்டியைச் சுவரில் கட்டி, விளக்கை அணைத்து, நண்பரின் படத்தை மாட்டினேன். இருபது விநாடி ஓடியது. ரப்பர் பெல்ட் நழுவியது, ஃபிலிம் நின்றது, பல்பு நிற்கவில்லை. திரையில் அத்தையின் தோளில் ஒரு பழுப்புக் கொப்புளம் கிளம்பிப் பரவியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நான்கைந்து படங்கள்தான் போயின. ஆனால் அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. புகைப்படத்துக்கு நெகட்டிவ் இருப்பதுபோல வீட்டுச் சினிமாவுக்குப் பெரும்பாலும் கிடையாது. கேமராவுக்குள் வெளிச்சம் பட்ட அதே ஃபிலிமைத்தான் கழுவி, நேர்ப்படமாக மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். சாந்தோமில் ஒரு பிரதி, சைகோனில் ஒரு பிரதி என்று எதுவும் இல்லை. கடற்கரையில் அன்று நின்ற அந்தத் துண்டுதான் உங்கள் கையில் இருப்பது. ஆகவே, கிடைத்த மகிழ்ச்சியில் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய ஃபிலிம் சுருங்கியிருக்கும். நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலே நகம் துளையில் சரியாக மாட்டாமல் வரிசையாகக் கிழித்துக்கொண்டே போகும். முதல் சில அடிகளை மட்டும் கையால் பிரித்து, ஓரங்களைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். யார், எந்த இடம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காடி நெடிக்கு வருவோம். பழைய நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்கான ஃபிலிமை முதலிலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில்தான் செய்தார்கள். அதற்கு வேறு வியாதி. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். காடியில் இருப்பதும் அதுதான். வெளியே வந்த அமிலமே மேலும் சிதைக்கும். டப்பா இறுக மூடியிருந்தால் இன்னும் வேகம். நெடி, பிறகு சுருக்கம், வளைவு, முறிவு, கடைசியில் வெள்ளைப் பொடி. பக்கத்து டப்பாவையும் அந்த ஆவி தொற்றும். 1948இல் வந்த டிரை-அசிடேட் ஃபிலிம் இப்படிச் சிதைகிறது என்று கோடக் நிறுவனத்துக்குப் பத்தாண்டுக்குள் போன முதல் முறையீடு நம் இந்திய அரசிடமிருந்துதான். 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்றால் புது ஃபிலிமுக்கு நெடி வர 40, 50 ஆண்டுகள் ஆகலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. கடலோரப் புதுச்சேரியில் அந்த இரண்டு எண்களையும் குளிர்சாதனம் இல்லாத வீட்டில் எங்கே பார்ப்பது?

பரண்தான் வீட்டிலேயே மோசமான இடம். ஓட்டின் சூடு முழுவதும் அங்கே இறங்கும். கீழ் அறையின் உள் அலமாரி மேல். நெடி வரும் சுருளை மற்றவற்றிலிருந்து முதலில் பிரித்து வையுங்கள். அமிலம் எவ்வளவு என்று காட்டும் தாள் துண்டுகளும் உண்டு, நீலம் பச்சையாகி மஞ்சளாகும். நெடி வராத சுருள்களைக் காற்றுப் புகாத இரட்டைப் பையில் சிலிக்கா ஜெல்லோடு குளிர்பெட்டியில் வைக்கலாம். எடுக்கும்போது பையை உடனே திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒருநாள் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிம் வியர்த்துவிடும். பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் கிட்டவே போகக் கூடாது. படம் நிற்பது ஜெலட்டின் பூச்சில், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், துடைத்த துணியோடு அத்தையும் போய்விடுவார்.

பார்க்க வேண்டும் என்றால் ஸ்கேன் செய்வதே வழி. சுவரில் ஓட்டிச் செல்போனில் பிடிப்பதை நான் சேர்க்கவில்லை. விநாடிக்கு 18 படம் ஓடுவதை 30 படம் எடுக்கும் கருவியால் பிடித்தால் துடிதுடிக்கும். நல்ல ஸ்கேனரில் நகமே கிடையாது. மென்மையான உருளைகள் ஃபிலிமை நகர்த்த, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பிடிக்கும். கொடுக்குமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “நகமில்லாத ஸ்கேனரா?” பார்ப்பதற்கு ஒரு சிறிய கோப்பும், அதிகம் சுருக்காத பெரிய கோப்பு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கட்டும். ஸ்கேன் ஆயிற்றே என்று சுருளைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். நாளை இன்னும் நல்ல ஸ்கேனர் வரும், சுருள் இல்லாவிட்டால் அது எதை ஸ்கேன் செய்யும்?

சுருள் தொலைவது பெரிய படங்களுக்கும் நடந்திருக்கிறது. பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றிச் சுமார் 50,000 அடி ஃபிலிம் திரட்டி, 1940இல் மகாத்மா காந்தி பற்றிய படத்தை வெளியிட்டார். பிறகு அது காணாமல் போனது. வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடியதில், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதன் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் கிடைத்தது. காந்தி படத்துக்கே அந்தக் கதி. நம் அத்தைக்கு யார் தேடுவார்கள்?

1963இல் டல்லாஸில் கென்னடி சுடப்பட்டதை ஓர் ஆடைத் தயாரிப்பாளர் தம் 8 மில்லிமீட்டர் கேமராவில் 486 படங்களாகப் பிடித்தது தற்செயல். எல்லா வீட்டுப் படத்திலும் அப்படி எதுவும் இராது. ஆனால் பின்னணியைப் பாருங்கள். நண்பரின் படத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால், 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்த பழைய மேரி (நகராட்சி) கட்டடம் முழுதாக நிற்கிறது. இன்று அங்கே இருப்பது அதே வடிவில் மறுபடி கட்டியது. கடலரிப்பை ஆராய்பவர்களுக்கு அந்த மணலின் அகலமே ஒரு தகவல். அப்பா அதையெல்லாம் எடுக்க நினைக்கவில்லை, பிள்ளைகளைத்தான் எடுத்தார்.

படத்தில் ஒலி கிடையாது. ஸ்கேன் செய்ததை மடிக்கணினியில் போட்டு, எண்பது வயது அத்தைக்குக் காட்டி, அவர் பேசப் பேசச் செல்போனில் பதிவு செய்தோம். புடவை யார் வாங்கித் தந்தது, தோண்டிய பள்ளத்தில் எந்தப் பையன் விழுந்தான், படம் எடுத்து முடித்து எங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள், எல்லாம் வந்தது. தோளில் கொப்புளம் வரும் இடத்தில் மட்டும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

உங்கள் வீட்டு டப்பாவில் பழைய எழுத்து ஏதாவது இருந்தால் அதை அழிக்காமல், பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.