பூக்காவடியின் நிறம் எங்கே இருக்கிறது?

திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. முருகன் சினம் தணிந்த மலை என்பதால் கந்த சஷ்டிக்கு இங்கே புஷ்பாஞ்சலிதான். ஆடிக் கிருத்திகைக்கோ பூக்காவடிகள் படியேறி வரும். மலையே பூவாகிவிடும் அந்த நாட்களில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இதழில் நிறம் எங்கே இருக்கிறது?

எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில் இல்லை.

கேந்திப்பூவை எடுங்கள், ஆந்திர எல்லையைத் தாண்டினால் இதுவே பந்திப்பூ. இதன் மஞ்சள், செல்லுக்குள் மிதக்கும் வண்ணக்கணிகங்களில் இருக்கிறது. இலையில் வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் பசுங்கணிகத்தின் உடன்பிறப்புதான் வண்ணக்கணிகம். பச்சை மிளகாய் பழுத்துச் சிவப்பதும் பசுங்கணிகம் வண்ணக்கணிகமாக மாறுவதால்தான். கேந்தியின் நிறமியான லூட்டீன் கொழுப்பில் கரையும். அதனால்தான் கோழித் தீவனத்தில் அதைச் சேர்த்தால் முட்டையின் மஞ்சள் கரு நிறம் கூடுகிறது.

ரோஜா, அரளியின் சிவப்பு வேறு வகை. அது நீரில் கரைந்து, செல்லின் நடுவே உள்ள நுண்குமிழ்ப்பையில் நிற்கிறது. சங்குப்பூவின் நீலமும் அப்படியே. வெந்நீரில் போட்டால் பையின் சவ்வு சிதைந்து நீலம் வெளியே வந்துவிடும். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். புளிப்பு ஏற ஏற இந்த நிறமி மாறும்.

மல்லிகையில் நிறமியே இல்லை எனலாம். செல்களுக்கு இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. விரலால் நசுக்குங்கள், காற்று போய்விடும், வெள்ளையும் போய்விடும். எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது இந்தச் சோதனைதான்.

எந்த நிறமி, எவ்வளவு என்ற உத்தரவு செல்லின் உட்கருவிலிருந்து வருகிறது.

பூ விறைப்பாக நிற்பதற்கும் நுண்குமிழ்ப்பையே காரணம். முதிர்ந்த செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் இந்தத் தண்ணீர்ப் பை, டயருக்குள் டியூப் போல, செல் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. பறித்த பூவுக்குச் செடியிலிருந்து தண்ணீர் வராது. பை சுருங்கும், இதழ் தொங்கும்.

பறித்தவுடனே செல் செத்துவிடுவதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா மிச்சமிருக்கும் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும், வெப்பமும் வந்துகொண்டே இருக்கும். கட்டிவைத்த பூ மூட்டைக்குள் கைவிட்டால் சூடாக இருப்பது இதனால்தான். அந்தச் சூட்டில் பூ இன்னும் வேகமாகக் கெடும். ஆகவே காவடிக்குப் பூ வாங்கியதும் மூட்டையை அவிழ்த்து, நிழலில் பரப்பி, ஈரத்துணி போட்டு வையுங்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள்.